பாக்கெட்டில் இருந்த ஒரு கிலோ

அன்றைக்கு எங்கள் கார்ட் பந்தய டிராக்கின் வேலிக்குள் இருந்தவர்கள்: ரெபெக்கா மேடம், நான், எனக்குக் கீழே வேலை பார்த்த பாபு, பந்தயம் ஓட்ட வந்த பிள்ளைகள் பன்னிரண்டு பேர், அவர்களைப் பெற்றவர்கள் இருபத்தோரு பேர் (மூன்று அப்பாக்களுக்கு லீவு கிடைக்கவில்லை), கொடி காட்ட நான்கு பேர், ஆம்புலன்ஸ் டிரைவர், ஒரு நர்ஸ், டீ போடுகிறவர், அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியான கீர்த்தனாவின் தாய்மாமன். ஆக நாற்பத்து நான்கு பேர். அப்புறம் பிஸ்டன் என்கிற நாய்.

ஆறு வருடம் கழித்து இதை இவ்வளவு துல்லியமாகச் சொல்கிறேன் என்றால் என் ஞாபகசக்தி காரணமில்லை. மேடத்தின் வருகைப் பதிவேடுதான் காரணம். மேடம் எங்கள் டிராக்குக்கு மேனேஜராக வருவதற்கு முன்னால் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்தவர். வேலிக்குள் எத்தனை உயிர் இருக்கிறது என்று தெரியாமல் ஒரு இன்ஜினும் கிளம்பக்கூடாது என்பது அவருடைய சட்டம். அதனால் மணி அடிப்பார், பேர் கூப்பிடுவார், எல்லோரும் “பிரசன்ட் மேடம்” சொல்ல வேண்டும். பேங்க் மேனேஜராக இருந்தாலும் சரி, டாக்டராக இருந்தாலும் சரி. பிஸ்டனுக்காகப் பாபு சொல்லுவான்.

போன மாதம் நான் ஓய்வு பெற்றேன். அதே மாதம் டிராக்கில் பேட்டரியில் ஓடுகிற பந்தய வண்டிகள் வந்து இறங்கின. செயின் கிடையாது, பெட்ரோல் வாடை கிடையாது, கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ண வேண்டாம். என் பாதிக் கவலைகளுக்கு வேலை போய்விட்டது. புதிதாகச் சேர்ந்த மெக்கானிக்குகள் என்னிடம் இரண்டு கேள்வி கேட்டார்கள். மேடம் மேசையில் பதிவேட்டின் மேல் பாரமாக ஒரு ஈயக் கட்டி இருக்கிறதே, அது என்ன? பேர் கூப்பிடும்போது என் பேருக்குப் பின்னால் மட்டும் மேடம் எதையோ சேர்த்துச் சொல்கிறாரே, அது எதற்கு? வாட்ஸப்பில் பேசி அனுப்புங்கண்ணா என்றான் பாபு. பேசினால் பதறிவிடுவேன். எழுதினால் அடித்து எழுதிக்கொள்ளலாம். எட்டாவதோடு நின்றவன் எழுத்து. பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பேர் ஏழுமலை. பதினான்கு வயதில் குரோம்பேட்டை ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு டூவீலர் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தேன். அங்கே இருபது வருடம் கார்புரேட்டர் கழுவினேன் என்று சொன்னால் போதும். பிறகு படப்பை தாண்டி கார்ட் டிராக் திறக்கிறார்கள், மெக்கானிக் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன்.

நான் சுபாவத்திலேயே பயந்தவன். வேலைக்குக் கிளம்பி முடிச்சூர் வரை போய்விட்டு, காஸை மூடினோமா என்று வீட்டுக்குத் திரும்பிய நாள்கள் உண்டு. மூடித்தான் இருக்கும். ஒருமுறைகூடத் திறந்து கிடந்ததில்லை. அப்படியென்றால் ஒருநாள் கண்டிப்பாகத் திறந்து கிடக்கும் அல்லவா, அதுதான் கவலை. இப்படிப்பட்டவனுக்கு அமைந்த வேலையைப் பாருங்கள். கார்ட் என்பது தரைக்கு மூன்று விரல் மேலே ஓடுகிற வண்டி. நாலு சக்கரம், ஒரு சீட், ஓட்டுகிறவருடைய விலாவுக்குப் பக்கத்திலேயே இன்ஜின். கதவு இல்லை, கூரை இல்லை. பந்தய கார்ட்டுக்கு சீட் பெல்ட்டும் இல்லை என்று தெரிந்த அன்று, மறுநாள் வரக்கூடாது என்று முடிவு பண்ணினேன். மறுநாள் ஒரு பிரேக் வயரைச் சரியாக முடுக்கினோமா என்று பார்க்கப் போனேன். அப்படிப் பார்க்கப் பார்க்கவே இருபத்து நான்கு வருடம் ஓடிவிட்டது.

கீர்த்தனா முதலில் வந்தது யாரோ ஒரு சிநேகிதியின் பிறந்தநாள் விருந்துக்கு. பதினான்கு வயது, ஒல்லி, இரட்டைப் பின்னல். மற்ற பிள்ளைகள் ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டுக் கத்திக்கொண்டே கேக் வெட்ட ஓடினார்கள். இந்தப் பெண் இறங்கி நேராக என்னிடம் வந்து, இடது பக்கம் பின் சக்கரம் வளைவில் மட்டும் முனகுகிறது என்றாள். போய்ப் பார்த்தேன். பேரிங் போய்க்கொண்டிருந்தது. அன்று காலையில் அந்தச் சக்கரத்தை நான் மூன்று முறை பார்த்திருந்தேன். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மேடம் தூரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி இதைக் கவனித்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணின் பேரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

அடுத்த வாரம் அவள் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். பள்ளிக்கரணைக்காரர்கள். அப்பா ஒரு தனியார் பள்ளியில் ஆபீஸ் கிளார்க். அம்மா வீட்டில் டியூஷன் எடுக்கிறவர். அம்மாவின் தம்பிக்குத் தாம்பரம் மார்க்கெட்டில் பூக்கடை. இந்தப் பூக்கடையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டண அட்டையை அப்பா வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: “சார், ஆறு கிளாஸ், கடைசியில ஒரு ரேஸ். அதுக்குக் கட்டிடுவேன். அதுக்கு மேல என்னால முடியாது. அவகிட்டயும் சொல்லிட்டேன். சரின்னுட்டா. அழுதிருந்தா திட்டியிருப்பேன். சரின்னு சொன்னதுதான் ஒரு மாதிரி இருக்கு.”

எங்கள் டிராக்கில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. புதியவர்கள் பந்தயத்தில் முதல் மூன்று பேருக்குள் வந்தால் அடுத்த சீசன் முழுக்க டிராக் செலவிலேயே ஓட்டலாம். நாலாவது வந்தால் ஒரு கை குலுக்கல், ஒரு சமோசா. ஆக அந்தப் பெண்ணுக்கு ஒரே ஒரு கதவுதான் இருந்தது.

பிள்ளைகளைத் தொடங்கி வைப்பதில் மேடத்துக்கு ஒரு முறை உண்டு. முதல் நாள் வண்டியே கிடையாது. டிராக்கை மூன்று சுற்று நடக்க வேண்டும். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால், எங்கே பிரேக் பிடிப்பாய் என்று கேட்பார். பிள்ளை அந்த இடத்தில் ஓரமாக ஒரு கல்லை வைக்க வேண்டும். இரண்டாம் வகுப்பில் வண்டி. வலது கால் ஆக்சிலேட்டர், இடது கால் பிரேக், இரண்டையும் சேர்த்து மிதிக்கக்கூடாது. வகுப்பு முடிந்ததும் மறுபடி நடந்து போய்க் கல்லை நகர்த்தி வைக்க வேண்டும். எல்லாப் பிள்ளைகளின் கல்லும் வாரா வாரம் வளைவை நோக்கி நகரும். கீர்த்தனாவின் கல் மட்டும் ஊசி வளைவில், அதாவது டிராக் அப்படியே மடங்கித் திரும்புகிற இடத்தில், முதலில் பின்னால் வந்தது. ஏன் என்று கேட்டார் மேடம். முன்னாடியே மெதுவாகப் போனால் வெளியே வரும்போது வேகமாக வரலாம் போலிருக்கிறது என்றாள். மேடம் சட்டைக்குள் கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்துத் துடைத்து மறுபடி உள்ளே போட்டுக்கொண்டார். அவருக்கு ரொம்பச் சந்தோஷம் என்றால் அப்படிச் செய்வார்.

மேடம் கத்தியதை யாரும் கேட்டதில்லை. சத்தம் போடுவது இன்ஜின் வேலை என்பார். இரண்டாவது வளைவில் குடையும் சிலேட்டுமாக உட்கார்ந்திருப்பார். பிள்ளை கடக்கும்போது சிலேட்டைத் தூக்கிக் காட்டுவார். ‘தோள்’ என்று எழுதியிருந்தால் தோளை இறுக்குகிறாய் என்று அர்த்தம். ‘அம்மா’ என்று எழுதியிருந்தால் வேலிப் பக்கம் பார்த்துக் கையாட்டுவதை நிறுத்து என்று அர்த்தம்.

தலைமுடி ஒரு பெரிய கதை. இன்ஜினும் அச்சும் சுற்றுகிற இடத்தில் பின்னல் பறக்கக்கூடாது. இரண்டு பின்னலையும் உச்சியில் மடித்து, மேலே துணி முகமூடி போட்டு, அதன் மேல் ஹெல்மெட். அதற்கு மேல் கழுத்துப் பட்டை, விலாவுக்குக் கவசம். கீர்த்தனாவின் அம்மா இரண்டாம் வகுப்பன்று மல்லிகைச் சரத்தையும் சேர்த்து மடித்துவிட்டார். ஹெல்மெட்டைக் கழற்றியதும் டிராக் முழுக்கக் கல்யாண வீட்டு வாசம். நான் அதில் ஒரு ஹேர்பின் இருந்து கண்ணில் குத்தியிருந்தால் என்னவாகும் என்று ஒரு வாரம் தூங்கவில்லை.

இனி ஈயத்துக்கு வருகிறேன்.

பந்தயத்தில் வண்டியும் ஓட்டுகிறவரும் சேர்ந்து நூற்றைம்பது கிலோவுக்குக் குறையக்கூடாது. இல்லாவிட்டால் ஒல்லிப் பிள்ளை பறந்துவிடும், குண்டுப் பிள்ளைக்கு அநியாயம். கீர்த்தனா ஹெல்மெட், ஷூ எல்லாம் போட்டும் முப்பத்தொன்பது கிலோ. அதனால் சீட்டில் ஈயக் கட்டி வைக்க வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு கிலோ, சோப்புக் கட்டி அளவு, நடுவில் ஓட்டை. ஏழு கட்டிகள். அவற்றை நான் ஒன்று முதல் ஏழு வரை வெள்ளைப் பெயின்ட்டில் நம்பர் போட்டு வைத்தேன். முதுகுக்குப் பின்னால் முதல் மூன்று, சீட்டின் இடது பக்கம் மீதி நான்கு, ஒன்றன் மேல் ஒன்றாக. பெரிய வாஷர், எட்டு மில்லி போல்ட், நட்டின் மேல் இன்னொரு நட்டு. முடுக்கிய பிறகு நட்டையும் போல்ட்டையும் சேர்த்து மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கோடு இழுப்பேன். நட்டு கொஞ்சம் கழன்றாலும் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். மஞ்சள் கோடு நேராக இருந்தால் என் மனசும் நேராக இருக்கும். பந்தயத்துக்கு முதல் நாள் மாலை ஓட்டிப் பார்த்து எடை போட்டோம். நூற்றைம்பது கிலோ அறுநூறு கிராம். ஆக அறுநூறு கிராம்தான் மிச்சம்.

பந்தயத்தன்று காலையில் ஒவ்வொரு வண்டிக்கும் இருபத்திரண்டு விஷயம் பார்த்துத் தாளில் ‘சரி’ போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும். வைத்தேன். வேறு ஆளாக இருந்தால் டீ குடிக்கப் போயிருப்பான். எனக்கோ இடது பக்க வாஷரின் அடியில் சீட் விரிசல் விட்டிருக்குமோ என்று ஒரு நினைப்பு. பார்த்துவிட்டால் நிம்மதி. நட்டைக் கழற்றி மேலே இருந்த ஏழாம் நம்பர் கட்டியை எடுத்தேன். டார்ச் அடித்துப் பார்த்தேன். விரிசல் இல்லை. அந்த நேரம் பார்த்து மணி அடித்தது.

மேடத்தின் மணி அடித்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுப் போக வேண்டும். ஆனால் நட்டில்லாத போல்ட்டை விட்டுவிட்டு நான் எங்கேயும் போனதில்லை. கட்டியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, மீதி மூன்றும் ஆடக்கூடாது என்று இரண்டு நட்டையும் திரும்ப முடுக்கினேன். கை பழக்கத்தில் மஞ்சள் கோட்டையும் இழுத்தேன். பேர் கூப்பிட்டு முடிந்ததும் வந்து மறுபடி கழற்றி வைத்துவிடலாம் என்று ஓடினேன்.

பேர் கூப்பிட்டு முடிந்ததும் வந்தேன். பார்த்தேன். மஞ்சள் கோடு நேராக இருந்தது. மனசும் நேராகிவிட்டது.

கவனக்குறைவான ஆள் இந்தத் தப்பைச் செய்திருக்கவே முடியாது. அவன் நட்டைத் திறந்தபடி விட்டுப் போயிருப்பான், வந்ததும் ஞாபகம் வந்திருக்கும்.

பன்னிரண்டு வண்டி, பன்னிரண்டு சுற்று. சீட்டுக் குலுக்கியதில் கீர்த்தனாவுக்கு ஏழாவது இடம். கொடி விழுந்ததும் பன்னிரண்டு இன்ஜினும் ஒரே நேரத்தில் அலறின. பிஸ்டன் ஆம்புலன்ஸுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. முதல் வளைவிலேயே இரண்டு பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சுழன்று புல்லில் போய் உட்கார்ந்தார்கள். இவள் நடுவில் புகுந்து ஐந்தாவது. எனக்கு வேர்த்துக் கொட்டியது. மூன்றாவது சுற்றில் முகம் துடைக்கலாம் என்று கைக்குட்டைக்காகப் பாக்கெட்டில் கைவிட்டேன்.

மெக்கானிக் பாக்கெட்டில் ஸ்பானர், பிளக், கொறடு என்று எப்போதும் கனம் இருக்கும். அதனால் தெரியவில்லை. கைக்கு ஒரு சோப்புக் கட்டி தட்டுப்பட்டது. சில்லென்று இருந்தது. நடுவில் ஓட்டை.

பாபு என் முகத்தைப் பார்த்துவிட்டான்.

“இன்னாண்ணா, மூஞ்சி பேயறைஞ்ச மாரி கீது? பொண்ணு பட்டாசா ஓட்டிகினு போவுது.”

“பாபு, ஒரு கிலோ என்கிட்ட இருக்குது.”

“இன்னாது ஒரு கிலோ?”

காட்டினேன். அவன் ஏழாம் நம்பரைப் படித்தான். அப்படியே பழைய டயர் மேல் உட்கார்ந்துவிட்டான். பிறகு வேலியைக் காட்டி, “அந்தாண்ட கடாசிட்டு கம்னு இரு. எவனுக்கு தெரியப்போவுது?” என்றான்.

யாருக்கும் தெரியாதுதான். ஆனால் எடை மேடைக்குத் தெரியும். பந்தயம் முடிந்ததும் முதல் மூன்று பேரை வண்டியோடு நிறுத்தி எடை பார்ப்பார்கள். முதல் மூன்று பேரை மட்டும். அறுநூறு கிராம் மிச்சத்தில் ஒரு கிலோ போனால் நானூறு கிராம் குறை. குறைந்தால் பேரை அடித்துவிடுவார்கள். என் புத்தி அந்த நிமிடம் எப்படி வேலை செய்தது தெரியுமா? கடவுளே, இவள் நாலாவதாக வரட்டும். நாலாவதாக வந்தால் எடை இல்லை, கேள்வி இல்லை, அவமானம் இல்லை. அடுத்த நொடியே, நாலாவதாக வந்தால் சமோசாவோடு வீட்டுக்கு, இனி வண்டியே கிடையாது என்று ஞாபகம் வந்தது. உடனே வேண்டுதலை மாற்றினேன், மூன்றாவதாக வரட்டும். ஐயோ, மூன்றாவது என்றால் எடை. மறுபடி நாலாவது. இப்படி ஒன்பது சுற்றும் நான் சாமியை முன்னும் பின்னும் இழுத்தேன். அவருக்கே பேஜாராகியிருக்கும்.

அந்தப் பெண்ணோ என்றைக்கும் இல்லாத வேகத்தில் ஓட்டினாள். எட்டாவது சுற்றில் நாலாவது இடம். முன்னால் போன பையனுக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போனாள். ஏதோ அவசர வேலை வீட்டில் இருப்பது போல ஓட்டினாள். அவள் அப்பா வேலிக் கம்பியைப் பிடித்தபடி வாயைத் திறந்து நின்றார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு, எத்தனாவது எத்தனாவது என்று தம்பியைக் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசிச் சுற்று, ஊசி வளைவு. முன்னால் போன பையன் நேராக உள்ளே போய்த் தாமதமாகப் பிரேக் பிடித்து அகலமாகப் போனான். இவள் தன் கல் இருந்த இடத்திலேயே பிடித்தாள், உள்பக்கமாகத் திரும்பினாள், வெளியே வரும்போது அவன் பக்கத்தில் இருந்தாள், கோட்டைத் தாண்டும்போது முன்னால் இருந்தாள். மூன்றாவது.

நான் துள்ளிக் குதித்தேன். குதிக்கும்போது ஈயக் கட்டி தொடையில் அடித்தது.

எடை மேடைக்கு வரும் வழி வேலியை ஒட்டிப் போகும். அவள் வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தாள். அந்த இடத்தில் பூக்கடை மாமா காத்திருந்தார். கையில் ஒரு மாலை. மாலை என்றால் சும்மா மாலை இல்லை. ரோஜாவும் சம்பங்கியுமாக என் தொடைப் பருமன், தண்ணீர் சொட்டச் சொட்ட. மேடம் கையைத் தூக்குவதற்குள் வேலிக்கு மேலே எட்டி, ஹெல்மெட்டோடு சேர்த்துப் போட்டுவிட்டார். “எங்க கொழந்த ஜெயிச்சிட்டா” என்று அழுதார். வண்டி மாலையோடு மேடையில் ஏறியது. எண் ஓடி நின்றது. நூற்றைம்பத்தொரு கிலோ எழுநூறு கிராம்.

எல்லோரும் கைதட்டினார்கள். பாபு என் விலாவில் இடித்து, முடிந்துபோயிற்று, வாயைத் திறக்காதே என்பது போலக் கண்ணைக் காட்டினான்.

மேடம் கைதட்டவில்லை. மாலையைப் பார்த்தார். பிறகு அமைதியாக, “மாலையைக் கழட்டும்மா” என்றார்.

அந்த இடத்தில் என் கை தானாக மேலே போனது. எட்டாம் வகுப்பில் கடைசியாகத் தூக்கிய கை. “மேடம்,” என்றேன். பாக்கெட்டிலிருந்து கட்டியை எடுத்து அவர் மேசையில் வைத்தேன். கழற்றியதையும், மணி அடித்ததையும், மஞ்சள் கோடு போட்டதையும் திக்கித் திக்கிச் சொன்னேன். பாப்பாவுக்கு இது தெரியாது, தப்பு என்னுடையது என்றேன். அவள் அப்பா வேலிக் கம்பியை விட்டார். அந்தச் சத்தம் இன்னும் எனக்குக் கேட்கிறது.

கீர்த்தனா என்னைப் பார்க்கவே இல்லை. ஒரு காலை இன்னொரு கால் மேல் முறுக்கிக்கொண்டு, மாலையைக் கழற்றி மாமாவிடம் கொடுத்தாள். “மேடம், சீக்கிரம் பாருங்க மேடம், ப்ளீஸ். நான் பாத்ரூம் போகணும்.”

எண் மறுபடி ஓடியது. நூற்றைம்பது கிலோ இருநூறு கிராம்.

யாருக்கும் புரியவில்லை. மேடம் இறக்கிவிட்டு மறுபடி ஏற்றச் சொன்னார். “மேடம்,” என்று முனகிக்கொண்டே ஏறினாள். அதே இருநூறு கிராம். மேடம் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

“எவ்வளவு குடிச்ச?”

“ஒரு லிட்டர் மேடம். கொஞ்சம் வேர்வையில போயிடுச்சு.”

“எப்போ?”

“அட்டெண்டன்ஸ் முடிஞ்சதும்.”

மேடம் விசிலை எடுத்துத் துடைத்து உள்ளே போட்டுக்கொண்டார். “போ,” என்றார். அவள் ஓடிய வேகம் பந்தயத்தில்கூட நான் பார்க்காத வேகம்.

நாலாவதாக வந்த பையனின் அப்பா மேசைக்கு வந்தார். தண்ணீரை எடையில் சேர்க்கலாமா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். மேடம் விதிப் புத்தகத்தைத் திறந்து, வண்டியும் ஓட்டுநரும் பந்தயம் முடித்த நிலையில் என்று இருந்த வரியைக் காட்டினார். பிறகு, “உங்க பையன் காலையில சாப்பிட்ட இட்லியை நான் எடுக்கச் சொல்லலையே சார்?” என்றார். கேட்டவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவருடைய பையன் ஏற்கனவே மாலையிலிருந்து விழுந்த ரோஜாவைப் பிஸ்டன் தலையில் வைத்துக்கொண்டிருந்தான்.

கீர்த்தனா நிதானமாகத் திரும்பி வந்தாள். அதற்குப் பிறகுதான் எனக்கு விவரம் தெரிந்தது. பேர் கூப்பிடும்போது நான் அவளுக்கு முன்னால் நின்றிருக்கிறேன். என் பாக்கெட் ஒரு பக்கம் இழுத்துத் தொங்கியிருக்கிறது. அதிலிருந்து வெள்ளைப் பெயின்ட்டில் ஏழு எட்டிப் பார்த்திருக்கிறது. வண்டியில் உட்கார்ந்ததும் கையை விட்டு எண்ணிப் பார்த்திருக்கிறாள். இடது பக்கம் மூன்றுதான்.

“என்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா,” என்றேன்.

“பத்து நிமிஷம்தான் இருந்துது அங்கிள். சொன்னா உங்களுக்குக் கை நடுங்கும். நட்டு கீழ விழும். அதைத் தேடுவீங்க. தேடிக் கண்டுபிடிச்சுப் போட்டுட்டு, மத்த எல்லா நட்டையும் திரும்பப் பார்க்கணும்பீங்க. தண்ணி குடிக்க ரெண்டு நிமிஷம் போதும்.”

பதினான்கு வயசு. என்னோடு ஆறு வாரம் பழகியிருந்தாள். என் மனைவிக்கு இவ்வளவு தெரிய எட்டு வருடம் ஆயிற்று.

மேடம் தீர்ப்புச் சொன்னார். மூன்றாம் இடம் கீர்த்தனாவுக்கு. பூக்கடை மாமா, விழுந்த ரோஜா இதழ் ஒன்றுவிடாமல் பொறுக்க வேண்டும். டயரில் ஒட்டினால் அடுத்த பிள்ளை வழுக்கும். மாமா சந்தோஷமாகப் பொறுக்கினார், பாபுவும் கூடப் போய்ப் பொறுக்கினான், கீர்த்தனாவின் அப்பாவும் போனார். அவர் குனிந்தவர் கொஞ்ச நேரம் நிமிரவில்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து என் கையைப் பிடித்து ஆட்டினார். கை நிறைய ரோஜா இதழ் இருந்தது, பாதி என் கைக்கு வந்துவிட்டது.

கடைசியாக நான். கையெழுத்துப் போட்ட பிறகு வண்டியில் கை வைத்ததற்கு அபராதம் முந்நூறு ரூபாய். எனக்கு ஒரு நியாயம் கேட்க வேண்டும் போலிருந்தது. அதிகமாகப் பார்த்ததற்கு அபராதமா மேடம் என்றேன். மேடம் பதிவேட்டில் எழுதிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்: “பார்க்காதவனுக்கு இருநூறுதான் போடுவேன் ஏழுமலை. நீ பார்த்துட்டு மறந்தவன்.”

என் பர்ஸில் இருநூறு இருந்தது. கொடுத்தேன். மீதியை என் பேருக்கு நேரே குறித்துக்கொண்டார். ஈயக் கட்டியை எடுத்துப் பதிவேட்டின் மேல் வைத்தார். அன்றிலிருந்து அது அங்கேதான் இருக்கிறது.

அடுத்த சீசன் கீர்த்தனா டிராக் செலவில் ஓட்டினாள். இட்லியும் கூடுதலாகச் சாப்பிட்டாள். இப்போது குரோம்பேட்டையில் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். காலேஜ் பிள்ளைகள் சேர்ந்து ஒரு பந்தய வண்டி கட்டுகிறார்கள், அதன் பிரேக் இவள் பொறுப்பு. போன வாரம் போன் பண்ணி, முடுக்கிய நட்டுக்கு என்ன பெயின்ட் நல்லது அங்கிள் என்று கேட்டாள். மஞ்சள் என்றேன். பிறகு, கோட்டை நம்பாதே என்றும் சொன்னேன். அது தெரியும் என்றாள்.

மிச்ச நூறு ரூபாயை நான் கொடுக்க முயலவில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். மறுநாளே கொண்டுபோனேன். பேர் கூப்பிடும் நேரத்தில் பணம் வாங்குவதில்லை என்றார் மேடம். மற்ற நேரத்தில் கொண்டுபோனால் பேர் கூப்பிடும்போதுதான் பதிவேடு திறக்கும் என்றார். ஆறு வருடம். ஓய்வு பெற்ற அன்று, எல்லோரும் நிற்கிறார்கள், சால்வை போர்த்தியாயிற்று, நூறு ரூபாய்த் தாளை இரண்டு கையாலும் நீட்டினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். ஓய்வு பெற்றவனுக்கு என்ன ஞாயிற்றுக்கிழமை? போனேன். அதற்கடுத்த ஞாயிறும் போனேன். காஸை ஒரே ஒரு முறை பார்த்துவிட்டுக் கிளம்பி, பேட்டரி வண்டிகளில் ஏதாவது நட்டு கிட்டு இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. மேடம் பதிவேட்டின் மேலிருந்து ஈயக் கட்டியை நகர்த்தினார்.

“ஏழுமலை.”

“பிரசன்ட் மேடம்.”

“பாக்கி நூறு ரூபாய்.”